காந்தப் பொத்தான்

பத்தரை மணிக்கு முன்
என் விரல்கள் யாருக்கும் சொந்தமில்லை,
எனக்கும்தான்.
வெந்நீரில் கால் மணி நேரம் ஊறி
ஒவ்வொன்றாய்ச் சம்மதித்து
அவை திரும்பி வரும்வரை
கடைக்குப் போகும் பேச்சே கிடையாது.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று.
தார்த்து நகரத்துக் கடைகள் காலியாய் இருக்கும் வேளை.
வெளியே மைனஸ் ஒன்பது.
குனியாமல் கழற்றும் பூட்ஸ்,
முன்பக்கம் கொக்கி வைத்த உள்ளாடை,
கோட்டு ஜிப்பின் நாக்கில் கோத்த சாவி வளையம்.
படையெடுப்பவளைப் போல் கிளம்புகிறேன்
துணி எடுக்க.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம்,
அறுபத்து நான்கு வயதில்.
எண்டல், ஏரியில் படகு எஞ்சின் பழுதுபார்த்தவர்.
"பிடித்ததை வாங்கு, ஹெல்வே,
பொத்தானை நான் போட்டுவிடுகிறேன்" என்றார்.
அன்பாகத்தான் சொன்னார்.
எனக்குத்தான் உறுத்தியது.
புருஷன் தயவில் கழற்றும் உடையை
முதல் கல்யாணத்திலேயே
உடுத்திப் பார்த்தாயிற்று.

முதல் கடையில் கதவே என்னை வென்றது.
உருண்டைப் பித்தளைக் குமிழ்.
தோளால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்,
அது இழுக்கிற கதவு.

இரண்டாவது கடையில்
ஒரு ஹேங்கரை உருவினால் ஒன்பது கூடவே வந்தன.
உடை மாற்றும் அறைக்குள்
பச்சை கவுன் ஒன்று
என் இரு கைகளையும் தலைக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டது.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவள் நான்.
பனியில் வழுக்கிய வண்டியைப்
பாலத்தின் நடுவே நிறுத்திக் காட்டியவள்.
துணிக்குள்ளிருந்து கூப்பிட்டேன்:
"யாராவது இருக்கிறீர்களா?"

அடுத்த அறைத் திரையைத் தாண்டி
இரண்டு கைகள் வந்தன.
நகத்தில் சிவப்புப் பூச்சு, கணுக்கள் வீங்கி,
என் விரல்களுக்குத் தங்கைகள் போல.
வலிக்கிற விரல்களே வலிக்கிறவளை
மெல்ல மெல்ல உரித்தெடுத்தன.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.
"முனைக் கடைக்குப் போங்க" என்றாள்,
"அங்கே உட்கார நாற்காலி போட்டிருக்காங்க."

போட்டிருந்தார்கள். கைப்பிடியோடு.
கெர்ட்டு என்ற பெண் எனக்கு முன்னால்
கடல்நீலச் சட்டை ஒன்றை விரித்தாள்.
கழுத்திலிருந்து இடுப்புவரை ஏழு பொத்தான்.
நான் முகத்தைச் சுளிக்க, "இழுத்துப் பாருங்க" என்றாள்.
டக்.
விட்டேன். டக்.
காந்தம்!
திறந்தேன், மூடினேன், திறந்தேன்,
விளக்கு சுவிட்ச் எட்டிவிட்ட குழந்தைபோல்.
பணப்பையை எடுக்கும்போது கேட்டாள்:
"வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருக்கா?"

போன மே மாதத்திலிருந்து
எண்டலின் இடது காறையெலும்புக்குக் கீழே
ஒரு தீப்பெட்டி அளவு.
நெஞ்சோடு நெஞ்சு ஒட்டக் கூடாத
கல்யாணச் சட்டை.
சிரிப்பு வந்தது,
நாற்காலி கிறீச்சிடும்வரை சிரித்தேன்.
கெர்ட்டு பாவம், அழுகிறேன் என்று நினைத்துத்
தண்ணீர் கொண்டுவந்தாள்.

பிறகு குண்டூசி எடுத்தாள்.
காந்தங்களைப் பிரித்தெடுத்துவிட்டு
உள்ளே நீளமாய் வெல்க்ரோ,
வெளியே அதே ஏழு பொத்தான், ஊருக்குக் காட்ட.
மணிக்கட்டில் எலாஸ்டிக்.
பன்னிரண்டு யூரோ கூடுதல்.
வெள்ளிக்கிழமை கிடைத்தது.

நேற்றிரவு
எண்டல் அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.
படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு
கழுத்திலிருந்து இடுப்புவரை
ஒரே இழுப்பு.
சர்ர்ர்ர்...
"என்ன கிழிஞ்சது?" என்று கத்தினார்.
"ஒண்ணுமில்ல" என்றேன்.
மறுபடி ஒட்டினேன்.
மறுபடி இழுத்தேன்.